கலேகோவை எந்த எழுத்தில் எழுதுவது? மூன்று வழிகளும் ஒரு நான்காவதும்

ஸ்பெயினின் வடமேற்கு மூலையில், போர்ச்சுகலுக்கு நேர்மேலே இருக்கிறது கலீசியா. மக்கள்தொகை சுமார் 27 லட்சம். அங்கே பிறந்த மொழிக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் கலேகோ. சந்தியாகோ பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஸ்பானியம் பேசி வளர்ந்தவள், இனி கலேகோவில்தான் பேசுவேன், எழுதுவேன் என்று முடிவெடுத்துவிட்டாள். அப்படிப்பட்டவர்களை அங்கே 'நெயோஃபலாந்தெ', அதாவது புதிதாகப் பேசத் தொடங்கியவர், என்பார்கள். பேசுவதில் சிக்கல் இல்லை. எழுத உட்கார்ந்தால் முதல் வரிக்கு முன்பே ஒரு கேள்வி நிற்கிறது: எந்த எழுத்துமுறையில்?

லிபி ரோமன்தான், அதில் சண்டை இல்லை. சண்டையெல்லாம் எழுத்துக்கூட்டலில். நம் வீட்டுப் பொருள்களை வைத்தே இதைக் காட்டிவிடலாம். ஜன்னல், சாவி, மேசை, அலமாரி எல்லாம் போர்ச்சுகீசியர் வழியாகத் தமிழுக்கு வந்த சொற்கள். ஜன்னலின் மூலமான சொல்லை லிஸ்பனில் 'ஜே' எழுத்தில் தொடங்கி எழுதுவார்கள். உச்சரிப்பு நம் ஜ-வுக்கும் ஷ-வுக்கும் நடுவில் நிற்கும் அதிர்வொலி. எல்லையில் ஓடும் மின்யோ ஆற்றுக்கு வடக்கே கலீசியாவில் அதே சொல் 'ஷனெலா'. அதிர்வு கிடையாது, சுத்தமான ஷ. இந்த ஷ-வை 'எக்ஸ்' எழுத்தால் எழுது என்கிறது அரசு ஏற்ற முறை. 'ஜே' என்றே எழுது, வாயால் ஷனெலா என்று படித்துக்கொள் என்கிறார்கள் இரண்டாம் அணியினர். மூன்றாம் அணி, போர்ச்சுகல் எப்படி எழுதுகிறதோ அப்படியே எல்லாவற்றையும் எழுதிவிடலாம் என்கிறது. சாவி விஷயத்தில் மூவருக்கும் தகராறு இல்லை. இரு நாட்டிலும் ஒரே எழுத்து. ஆனால் லிஸ்பனில் அதை 'ஷாவ்' என்கிறார்கள், கலீசியாவில் இன்றும் 'ச்சாபெ'. நம் ஊருக்குக் கப்பலேறி வந்தபோது போர்ச்சுகீசியரும் 'ச்சா' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தலைநகரம் கைவிட்ட ஒலியைக் கலீசியா வைத்திருக்கிறது.

இந்தக் குழப்பம் எப்படி வந்தது என்று தெரியாமல் எதையும் ஒப்பிட முடியாது. 13ஆம் நூற்றாண்டில் மின்யோ ஆற்றுக்கு இருபுறமும் ஒரே மொழிதான். வீகோ கடலைப் பார்த்துக் காதலனுக்காகக் காத்திருக்கும் பெண்ணின் குரலில் மார்த்தின் கோதாஷ் பாடியது அதில்தான். பிற்கால ஸ்பெயினின் மைய அரசான காஸ்தில்யாவின் அரசர் பத்தாம் அல்ஃபோன்சோவே மாதாவைப் பற்றிய நானூற்றுக்கு மேற்பட்ட பாடல்களை அந்த மொழியில்தான் தொகுத்தார். போர்ச்சுகல் 12ஆம் நூற்றாண்டிலேயே தனி அரசாகப் பிரிந்திருந்தது. அங்கே அந்த மொழி அரசாங்க மொழியாகி, கப்பலேறி, உலகம் சுற்றியது. காஸ்தில்ய ஆட்சிக்குக் கீழே இருந்த கலீசியாவில் அது சமையலறைக்கும் வயலுக்கும் ஒதுங்கியது. 16 முதல் 18ஆம் நூற்றாண்டு வரை எழுத்தில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. அவர்களே அதை 'இருண்ட நூற்றாண்டுகள்' என்கிறார்கள்.

1863இல் ரொசாலியா தே காஸ்த்ரோ தன் கலேகோக் கவிதைத் தொகுப்பை வெளியிட்டபோது மொழி மறுபடி அச்சேறியது. அந்த நூலின் காணிக்கையில் உள்ள மே 17ஆம் தேதியைத்தான் 1963 முதல் கலீசிய இலக்கிய நாளாகக் கொண்டாடுகிறார்கள். ஆனால் ரொசாலியா எந்த எழுத்துக்கூட்டலில் எழுதினார்? பள்ளியில் கற்ற ஸ்பானிய எழுத்தில்தான். வேறு எதை அவர் பார்த்திருக்க முடியும்? இடைக்காலப் பாடல் ஏடுகள் லிஸ்பனிலும் ரோமிலும் உறங்கிக்கொண்டிருந்தன. வத்திக்கான் ஏடு முழுமையாக அச்சில் வந்ததே 1875இல்தான். ஆக, நவீன கலேகோவின் எழுத்துமுறை யாரும் கூடி உட்கார்ந்து யோசித்து எடுத்த முடிவாகத் தொடங்கவில்லை. கையில் இருந்ததை வைத்து எழுதினார்கள், அது நிலைத்தது.

யோசித்து முடிவெடுக்கும் வேளை ஃபிராங்கோவின் சர்வாதிகாரம் தளர்ந்த பிறகு வந்தது. 1973இல் போர்ச்சுகீசிய அறிஞர் மனுயெல் ரோட்ரிகெஸ் லாப்பா ஒரு கட்டுரையில் நேரடியாகவே சொன்னார்: கலீசியர்களே, உங்களுக்கு இலக்கிய மொழி தேவையென்றால் அது ஏற்கெனவே தயாராக இருக்கிறது, போர்ச்சுகீசியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கலீசியத் தரப்பிலிருந்து ரமோன் பிஞேய்ரோ மறுத்து எழுதினார். மக்கள் வாயில் உயிரோடு இருக்கும் பேச்சிலிருந்துதான் எங்கள் எழுத்து எழ வேண்டும் என்பது அவர் நிலை. அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. விவாதம் இன்னமும் இந்த இருவருக்கும் நடுவில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

1980இல் ரிக்கார்தோ கர்வால்யோ கலேரோ தலைமையிலான குழு ஒன்று இரு தரப்பையும் ஒரே கூரைக்குள் வைக்கும் விதிகளைத் தந்தது. சந்தியாகோ பல்கலைக்கழகத்தில் கலேகோ மொழிக்கும் இலக்கியத்துக்குமான முதல் பேராசிரியர் அவர். அவருடைய விதிகள் நீடிக்கவில்லை. 1982இல் கலீசிய அரச கழகமும் கலேகோ மொழி நிறுவனமும் சேர்ந்து வேறு விதிகளை வெளியிட்டன. அதே ஆண்டு அரசாணை வந்தது. 1983ஆம் ஆண்டின் மொழிச் சட்டம், எது சரியான கலேகோ என்று சொல்லும் அதிகாரத்தைக் கழகத்திடம் ஒப்படைத்தது. கர்வால்யோ எதிரணிக்கு, அதாவது போர்ச்சுகீசியத்தோடு மறுபடி சேர வேண்டும் என்ற மீளிணைப்பாளர்களிடம் போனார். அந்த அணியின் அமைப்புதான் ஆகால். கர்வால்யோவுக்கு இலக்கிய நாள் அர்ப்பணிக்கப்பட 2020 வரை காத்திருக்க வேண்டியிருந்தது, அதாவது அவர் இறந்து முப்பது ஆண்டுகள். அவருடைய குடும்பப் பெயரையே இரு அணிகளும் இரண்டு விதமாக எழுதி வந்தன என்பதிலிருந்து பகையின் ஆழத்தைப் புரிந்துகொள்ளலாம்.

கழகத்தின் முறை

நம் மாணவி இதைத் தேர்ந்தெடுத்தால் அவளுக்கு எல்லாக் கதவும் திறக்கும். பள்ளிப் பாடநூல் இதில்தான். அரசு வேலைக்குக் கேட்கப்படும் 'செல்கா' சான்றிதழ்த் தேர்வு இதில்தான். 1985 முதல் நடக்கும் கலீசியத் தொலைக்காட்சி, 2020இல் தொடங்கிய 'நோஸ் தியாரியோ' நாளிதழ், கைப்பேசியின் மொழித் தேர்வு, தெருப் பலகை, எல்லாம் இதுவே. பதிப்புக்கான பொதுப்பண உதவிகளும் பல இலக்கியப் போட்டிகளும் இந்த முறையையே கேட்கின்றன.

கற்கவும் இதுதான் எளிது. ஷ ஒலி கேட்டால் ஏறக்குறைய எல்லா இடத்திலும் 'எக்ஸ்' போட்டால் போதும். போர்ச்சுகீசிய வழியில் போனால் அதே ஷ-வுக்கு, சொல்லின் பூர்வீகத்தைப் பொறுத்து, 'எக்ஸ்', 'ஜே', 'ஜி' மூன்றில் ஒன்றை நினைவில் வைத்திருக்க வேண்டும். ஸ-வும் அப்படியே. போர்ச்சுகீசியத்தில் ஒற்றை 'எஸ்' உயிரெழுத்துகளுக்கு நடுவே அதிர்வோடு ஒலிக்கும், இரட்டை 'எஸ்' அதிர்வில்லாமல் ஒலிக்கும். கலேகோவில் அந்த அதிர்வொலியே இல்லாமல் போய் நூற்றாண்டுகள் ஆகின்றன. காதில் விழாத வேறுபாட்டைக் குழந்தை கண்ணால் மனப்பாடம் செய்ய வேண்டும்.

எதிரணியின் பதில் கூர்மையானது. ஸ்பானியத்தில் 'பி'-யும் 'வி'-யும் ஒரே ஒலி, 'ஹெச்' ஊமை. கலீசியக் குழந்தைகள் அதைக் கற்கவில்லையா? கழகத்தின் முறையே அந்த 'வி'-யையும் ஊமை 'ஹெச்'-சையும் அப்படியே வைத்திருக்கிறது. ஒலிப்படி எழுதுகிறோம் என்று சொல்வதற்கு அதற்கு முழு உரிமை இல்லை. இதற்குக் கழகத் தரப்பிலிருந்து திருப்தியான மறுமொழி எதையும் நான் இதுவரை படிக்கவில்லை.

இந்த முறையின் உண்மையான பலவீனம் வேறு இடத்தில். இது கண்ணுக்கு ஸ்பானியத்தின் கிளை போலத் தெரிகிறது. அலைக்கோடு போட்ட 'என்', இரட்டை 'எல்', பெயர்ச்சொல்லின் வாலில் ஸ்பானியத்தைப் போன்ற '-சியோன்'. எழுத்துச் சாயல் சொல்லையும் இழுக்கிறது. ஒரு சொல் தெரியாதபோது மாணவி ஸ்பானியச் சொல்லை எடுத்து லேசாக வேடமிட்டு எழுதிவிடுவாள். ஸ்பானியம் கலந்த கலேகோவுக்கு அவர்களிடம் 'காஸ்த்ராப்போ' என்ற ஏளனப் பெயரே உண்டு. எழுத்து வீட்டு வாசலைப் போர்ச்சுகல் பக்கம் வைத்திருந்தால் சொல்லுக்குக் கை நீளும் திசையும் மாறியிருக்கும் என்கிறார்கள் மீளிணைப்பாளர்கள். இந்த ஒரு வாதத்தில் அவர்கள் பக்கம் நியாயம் அதிகம்.

இன்னொரு விநோதமும் சொல்லியாக வேண்டும். 'ஒரு' என்பதற்கான பெண்பால் வடிவத்தைக் கலீசியர்கள் நம் ங-வின் ஒலியோடு, 'உங்-ஆ' என்பது போல உச்சரிப்பார்கள். ரோமனில் ங-வுக்குத் தனி எழுத்து கிடையாது. அதனால் கழகம் 'என்', 'ஹெச்' இரண்டையும் சேர்த்து அந்த ஒலிக்குக் கொடுத்தது. போர்ச்சுகீசியத்தில் அதே கூட்டு ஞ-வைக் குறிக்கும். விளைவு, 'ஒரு வீடு' என்று கலீசியர் எழுதியதைப் பார்க்கும் லிஸ்பன்காரர் கண்ணுக்கு 'நகம் வீடு' என்று படும்.

2003இல் கழகம் ஓரளவு இறங்கி வந்தது. 'இணக்க விதிகள்' என்று அதற்குப் பெயர். நன்றி சொல்லும் சொல் உட்படப் பல சொற்கள் போர்ச்சுகீசியத்துக்கு நெருக்கமான வடிவத்துக்கு மாறின. நாட்டின் பெயரைக் 'கலீசா' என்று எழுதுவதும் ஏற்கத்தக்கதே என்று ஒப்புக்கொண்டார்கள். இரு அணிக்கும் நடுவில் நின்றிருந்த பலர் அதோடு கழகத்தின் பக்கம் வந்துவிட்டார்கள். ஆகால் வரவில்லை.

மீளிணைப்பு முறை

ஆகால் வகுத்தது இது. பிரிந்த கிளையைப் போர்ச்சுகீசியத்தோடு மறுபடி சேர்ப்பதுதான் நோக்கம். ஆனால் கலீசியப் பேச்சின் தனித்தன்மைக்கும் இடம் விடும். ஞ-வுக்கு 'என்-ஹெச்', ல்ய-வுக்கு 'எல்-ஹெச்', வால் போட்ட 'சி', இரட்டை 'எஸ்' எல்லாம் உண்டு. வினை வடிவங்களிலும் சொல் முடிவுகளிலும் கலீசிய வழக்கு நிற்கலாம். தட்டச்சு செய்வதில் தொல்லை எதுவும் இல்லை. ஸ்பானியத் தட்டச்சுப் பலகையில் அலைக்கோட்டு 'என்'-னும் வால் 'சி'-யும் இரண்டுமே தனி விசைகளாக இருக்கின்றன.

இதன் பெரிய கவர்ச்சி எண்ணிக்கை. போர்ச்சுகீசியம் பேசுவோர் உலகில் 25 கோடிக்கும் மேல். தன்னை 27 லட்சம் பேரின் வட்டார மொழி என்று நினைக்கும் மாணவி, எழுத்தை மாற்றியதும் பிரேசில் வாசகருக்கும் அங்கோலா வாசகருக்கும் தடையின்றிப் புரிகிறாள். இணையத்தில் தேடும்போது அந்த உலகம் முழுதும் அவள் முன்னால் விரிகிறது. பெல்ஜியத்தின் ஃபிளெமிஷ் மக்கள் நெதர்லாந்தின் எழுத்துமுறையிலேயே எழுதுகிறார்கள். வலென்சியாவில் பேச்சு பார்சலோனாவிலிருந்து வேறுபட்டாலும் எழுத்து ஏறக்குறைய ஒன்றே. அவர்களுக்கு முடிந்தது எங்களுக்கு ஏன் முடியாது என்ற கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது.

விலை என்ன? முதலாவது, பரிசும் உதவித்தொகையும் பெரும்பாலும் கைநழுவிப் போகும். அதைவிடக் கனமானது அடுத்தது: உள்ளூர் வாசகர். கிராமத்தில் கலேகோ பேசும் எழுபது வயது அம்மாவுக்குப் பள்ளியில் கிடைத்த ஒரே எழுத்து ஸ்பானியத்தினுடையது. அவருக்கு வால் 'சி'-யும் '-ஹெச்' கூட்டுகளும் வெளிநாட்டு எழுத்தாகத் தெரியும். நகரத்து இளைஞன் இதைப் பார்த்ததும் அரசியல் முத்திரை குத்திவிடுவான், இவர் தனிநாடு கேட்பவர் என்று. எழுத்துக்கூட்டலுக்கும் தேசியவாதத்துக்கும் விதிப்படி தொடர்பு இல்லைதான். நடைமுறையில் அந்த முத்திரையைக் கழற்ற யாராலும் முடியவில்லை.

நேரே போர்ச்சுகீசியம்

மூன்றாவது வழியைப் பற்றி நீட்டிச் சொல்ல அதிகமில்லை. போர்ச்சுகீசியம் பேசும் நாடுகள் செய்துகொண்ட 1990ஆம் ஆண்டு எழுத்து உடன்பாட்டின்படி, சிறு சொல் வேறுபாடுகளோடு, போர்ச்சுகீசியமாகவே எழுதுவது. 2008இல் அமைந்த போர்ச்சுகீசிய மொழிக்கான கலீசியக் கழகம் இந்தப் பக்கம். தர்க்கத்தில் இதுதான் மிகச் சுத்தமானது. பாதி வழியில் நிற்காமல் லாப்பா சொன்னதை அப்படியே செய்வது. கல்விக் கட்டுரைக்கும் மொழிபெயர்ப்புக்கும் நல்ல தேர்வு. ஆனால் கவிதை எழுதப்போகிறவள் இதைத் தேர்ந்தால், மூக்கொலி உயிர்கள் இல்லாத தன் வாய்க்கு மூக்கொலிக் குறியை எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். 'கொரஸோன்' என்று சொல்லும் இதயத்தைக் 'கொரஸாவ்ங்' என்று படிக்கத் தக்கதாக எழுதுவது எல்லோருக்கும் இயல்பாக வருவதில்லை.

இரண்டும் அதிகாரபூர்வம்

ஆகால் அமைப்பே அண்மைக் காலத்தில் வேறொரு யோசனையை முன்வைக்கிறது. எங்கள் முறையை மட்டும் ஏற்கச் சொல்லவில்லை, இரண்டையும் ஏற்றுக்கொள்ளுங்கள் என்கிறார்கள். முன்மாதிரி நார்வே. அங்கே பூக்மோல், நீநோர்ஷ்க் என்ற இரண்டு எழுத்து வடிவங்களும் சட்டப்படி சமம். பெரும்பான்மையினர் முதலாவதில் எழுதுகிறார்கள், மேற்குப் பகுதியினர் பலர் இரண்டாவதில்.

கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் நார்வேயின் இரண்டு வடிவத்துக்கும் கீழே இருப்பது அழியும் பயமில்லாத ஒரு பேச்சு. பள்ளிக்கூடம், பாடநூல், ஆசிரியர் பயிற்சி எல்லாவற்றையும் இரண்டு மடங்காக்க அந்த நாட்டிடம் பணமும் இருக்கிறது. கலீசியாவின் நிலை அதுவா?

இங்கேதான் நான் ஒப்பீட்டின் அளவுகோலை மாற்ற விரும்புகிறேன். கலீசியப் புள்ளியியல் நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் முதன்முறையாக, பெரும்பாலும் ஸ்பானியத்தில் பேசுவோர் எண்ணிக்கை பெரும்பாலும் கலேகோவில் பேசுவோரைத் தாண்டியது. பதினைந்து வயதுக்குட்பட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் கலேகோ கொஞ்சம்தான் பேச வரும், அல்லது வரவே வராது. வீகோவிலும் ஆ கொருஞாவிலும் பள்ளி மைதானத்தின் மொழி ஸ்பானியம். 2010இல் வந்த அரசாணை 79, கணிதம், இயற்பியல்-வேதியியல், தொழில்நுட்பம் ஆகியவற்றை ஸ்பானியத்தில் கற்பிக்க வேண்டும் என்றது. அதாவது இந்தப் பாடங்களைத் தன் மொழியில் பேசும் வாய்ப்பே குழந்தைக்குப் போனது. இந்தச் சரிவில் 'எக்ஸ்'-ஸுக்கோ 'ஜே'-க்கோ பங்கு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. பெற்றோர் மொழியை மாற்றியது எழுத்துக்கூட்டலைப் பார்த்தல்ல, வேலையையும் மதிப்பையும் பார்த்து.

ஆகவே குழந்தைக்கு எது நல்லது என்ற கேள்விக்கு என் பதிலில் தயக்கம் இல்லை. பள்ளியில் கழகத்தின் முறை ஒன்றே இருக்கட்டும். நாற்பது ஆண்டுகளாக நூல்களும் ஆசிரியர்களும் அதில்தான் உருவாகியிருக்கிறார்கள். ஆட்டம் கண்டிருக்கும் வீட்டில் அடித்தளத்தைத் தோண்டி மறுபடி போடும் வேலையை இப்போது தொடங்குவது புத்திசாலித்தனம் அல்ல. மீளிணைப்பு அணியோடு நெருங்கியவர்கள் தொடங்கிய 'செமென்த்தெ' பள்ளிகள் 2011 முதல் சின்னக் குழந்தைகளை முழுக்கக் கலேகோவில் வளர்க்கின்றன. அவர்களுடைய வெற்றியும் குழந்தை நாள் முழுதும் அந்த மொழியைக் கேட்கிறது என்பதில்தான் இருக்கிறது.

ஆனால் மீளிணைப்பாளர்கள் சொன்னதில் பாதி ஏற்கெனவே சட்டமாகிவிட்டது. பலர் இதை மறந்துவிடுகிறார்கள். 2014இல் கலீசிய நாடாளுமன்றம் ஒருமனதாக 'பாஸ்-அந்த்ராதே சட்டத்தை' நிறைவேற்றியது. போர்ச்சுகீசியத்தைப் பள்ளிகளில் படிப்படியாகக் கொண்டுவரவும், போர்ச்சுகீசியத் தொலைக்காட்சிகள் கலீசியாவில் தெரியவும், போர்ச்சுகீசிய உலகத்தோடு உறவு வைக்கவும் அது சொல்கிறது. பழமைவாதக் கட்சியும் தேசியவாதக் கட்சியும் சேர்ந்து கையெழுத்திட்ட அபூர்வமான மொழிச் சட்டம். எழுத்துச் சண்டையில் யாரும் தோற்க வேண்டியதில்லை. மாணவர் கழகத்தின் முறையில் எழுதட்டும், போர்ச்சுகீசியத்தைப் படிக்கவும் கேட்கவும் பழகட்டும். கலேகோ தெரிந்த குழந்தைக்கு அதை வேற்று மொழி போல அடியிலிருந்து கற்பிக்க வேண்டியதில்லை. எழுத்து-ஒலிப் பொருத்தத்தைக் காட்டிவிட்டுக் காதைப் பழக்கினால் போதும்.

நடந்தது மிகக் கொஞ்சம். போர்ச்சுகீசியத்தோடு இத்தனை நெருங்கிய உறவு இல்லாத, ஸ்பெயினின் எக்ஸ்த்ரெமதுரா மாநிலத்தில், எல்லைக்கு அருகே இருக்கிறோம் என்ற ஒரே காரணத்தால், நெடுங்காலமாகவே கலீசியாவைவிட அதிக மாணவர்கள் போர்ச்சுகீசியம் படிக்கிறார்கள். சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. துய் ஊரிலிருந்து பாலத்தைக் கடந்து போர்ச்சுகலின் வலென்சா கோட்டைக்குத் துண்டும் படுக்கை விரிப்பும் வாங்கப் போகும் கலீசியக் குடும்பம், கடைக்காரரிடம் ஸ்பானியத்தில் பேரம் பேசிக்கொண்டிருக்கிறது.

சரி, அந்த மாணவி? அவள் குழந்தையோ வேலைதேடும் தேர்வரோ அல்ல, எழுத்தாளர். அவளுக்கான பதில் வேறு. யாருக்காக எழுதுகிறாள் என்று பார்க்க வேண்டும். கடற்கரைக் கிராமத்துப் பேச்சைக் கதையாக்கப் போகிறாள், அதை அந்தக் கிராமமே படிக்க வேண்டும் என்றால் கழகத்தின் முறை. ஷ-வும், மேற்குக் கடற்கரையில் 'ஜி'-யை ஹ-வாக மாற்றும் 'கெயாதா' உச்சரிப்பும் அதில் உட்கார இடமுண்டு. கட்டுரை, வலைப்பதிவு, வரலாறு எழுதி ஆற்றுக்குத் தெற்கே போய்ச் சேர வேண்டும் என்றால் மீளிணைப்பு முறை. அவளுக்கு இழப்பு பரிசுப் பணம்தான், ஆதாயம் வாசகர் பரப்பு. இரண்டையும் கலந்து எழுதுவதை மட்டும் வேண்டாம் என்பேன். இரு தரப்பு வாசகருக்கும் அது பிழையாகத்தான் தெரியும்.

கழகமும் அரசும் ஒன்று செய்யலாம். பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் ஒரே முறை என்பதைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் கதைப் போட்டிக்கு வந்த கையெழுத்துப் படியை, வால் 'சி' இருக்கிறது என்பதற்காகப் படிக்காமலே திருப்பி அனுப்புவதில் என்ன பாதுகாப்பு கிடைக்கிறது? கர்வால்யோவுக்கு விழா எடுத்த நாட்டில், அவர் எழுதிய எழுத்துமுறையில் இன்று ஒரு இளைஞர் எழுதி அனுப்பினால் பல போட்டிகளின் விதி அவரை வாசலிலேயே நிறுத்துகிறது. அந்த விதியை நீக்க நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. அடுத்த ஆண்டு அறிவிப்பில் ஒரு வரியை எடுத்துவிட்டால் போதும்.